மாலை 5 மணி நொறுக்குத்தீனி ஆசை: அலுவலகம் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

கோவையில் அலுவலக வேலை பார்க்கிறவர்களுக்கு மாலை நேரப் பேக்கரியைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. டீ, முட்டை பப்ஸ், தேங்காய் பன், அவற்றைக் கடந்து வந்துவிட்டால் தள்ளுவண்டிக் காளான், வீடு சேர்ந்தபின் செல்பேசிச் செயலியில் ஓர் ஆர்டர் என்று நாளின் பிற்பாதி முழுவதும் நாக்கின் போக்கிலேயே போய்விடும். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னபின் இதைக் குறைக்கப் படாதபாடு பட்டவன் நான். அப்போது கிடைத்த அறிவுரைகள் பெரும்பாலும் "வாயைக் கட்ட வேண்டும்" என்ற ஒற்றை வரியில் முடிந்தன. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு செலவாகும், எத்தனை வாரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதை ஒருவரும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

நொறுக்குத்தீனி ஆசை பெரும்பாலும் நேரம் தவறாமல், ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் வருகிறது. அது வந்து நிற்கும் பத்து நிமிடத்தில் அதனோடு மல்லுக்கட்டுவதைவிட, அதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டதையும் வீட்டுக்குத் திரும்பும் வழியையும் மாற்றுவது எளிது என்பதே நான் கண்டறிந்தது. ஆகையால் படிகளின் வரிசையைக் கலைக்காமல், ஒன்று ஓரளவு பழகியபின் அடுத்ததைத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குவதுதான் பலரும் விழும் முதல் பள்ளம்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நீங்கள் ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்து, திடீரென்று பசியும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வந்தால், அது ஆசை அன்று. சர்க்கரை தாழ்ந்துபோனதன் அறிகுறியாக இருக்கலாம். குளூக்கோமீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், அல்லது மீட்டர் கையில் இல்லாவிட்டாலும், உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளூக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எந்த உத்தியையும் அந்த நேரத்தில் கடைப்பிடிக்கக் கூடாது. உணவு நேரத்தை மாற்றுவதற்கு முன்பும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பழைய கணக்கை எடுத்து வையுங்கள்

உணவு நாட்குறிப்பு எழுதச் சொல்லாத மருத்துவர் இல்லை. அதை இரண்டாம் வாரம் தாண்டி எழுதும் நோயாளியும் அரிது. ஆனால் நீங்கள் எழுதாமலேயே ஒரு நாட்குறிப்பு உங்கள் செல்பேசியில் இருக்கிறது. டீக்கடையில் தொடங்கித் தள்ளுவண்டி வரை எல்லா இடத்திலும் யூபிஐயில் பணம் செலுத்துகிறவரானால், அந்தச் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் கடையின் பெயர், தொகை, மணி, நிமிடம் எல்லாமே பதிவாகியிருக்கும். உணவு விநியோகச் செயலியில் பழைய ஆர்டர்கள் என்ற பகுதியில், என்ன வாங்கினீர்கள் என்பதுகூடப் பொருள் வாரியாக இருக்கும்.

கடந்த இரண்டு மாதக் கணக்கை எடுத்து, சாப்பாட்டுக்கு வெளியே தின்றவற்றை மட்டும் ஒரு தாளில் நேரப்படி எழுதுங்கள். ஒரு மணி நேரம் கூட ஆகாது; செலவும் இல்லை. "5:42, பேக்கரி, 47 ரூபாய்" என்பது போன்ற வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது ஒரு வடிவம் தெரியும். பெரும்பாலானோருக்கு இரண்டு நேரங்கள்தாம் கண்ணில் படும்: மாலை நான்கரைக்கும் ஆறரைக்கும் இடையில் ஒன்று, இரவு பத்துக்கு மேல் ஒன்று. முதலாவது அனேகமாகப் பசி. இரண்டாவது அனேகமாகத் தூக்கம் கெட்டதாலோ அலுப்பாலோ வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு.

ரொக்கமாகத் தருகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் இரண்டு வாரத்துக்கு மட்டும் யூபிஐக்கு மாறிக்கொள்ளலாம், அல்லது டீக்கடையில் நிற்கும்போதே வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே ஒரு சொல் அனுப்பி வைக்கலாம். நேரம் தானாகவே பதிவாகிவிடும். இந்த இரண்டு வாரத்தில் எதையும் குறைக்க வேண்டாம். குறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

இந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த படியில் மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஆவணம் இதுதான்.

2. மூன்று பரிசோதனைகள் போதும்

ஆய்வகங்கள் அறுபது, எண்பது பரிசோதனைகள் அடங்கிய "முழு உடல் பரிசோதனை"யைத் தள்ளுபடி விலையில் காட்டி அழைக்கும். இந்த நோக்கத்துக்கு அது தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஏறத்தாழ முந்தைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, முழு இரத்த எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும். மருத்துவர் வேறு ஏதாவது கேட்டால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். தனியார் ஆய்வகங்களில் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 700 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை ஆகும். ஊருக்கு ஊர் மாறும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகள் இலவசம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். பெற்றோருக்குப் பார்க்க வருகிறவர்களிடம் நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு முன் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலையில் "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டுப் போனால் காசு வீண். எச்பிஏ1சிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்த நேரத்திலும் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையும், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 விழுக்காடு வரையும் இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. முறையே 126, 6.5 என்ற அளவுகளை எட்டினால் மருத்துவர் மறுபரிசோதனை செய்து நோயை உறுதிப்படுத்துவார்.

முழு இரத்த எண்ணிக்கை எதற்கு என்று கேட்கலாம். ஹீமோகுளோபின் அளவுக்காக. பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் அது இரத்தசோகை. பச்சரிசி, பல்பம், சாம்பல், ஐஸ்கட்டி ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவது பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிறது. இரும்புச்சத்து சரியானதும் பலருக்கு அந்த ஆசை தானாகவே அடங்கிவிடுகிறது. அரிசியைக் கையில் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை வீட்டில் திட்டித் தீர்ப்பார்களே தவிர, ஆய்வகத்துக்கு அழைத்துப் போவதில்லை. இன்னொன்றும் உண்டு: இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி அளவை உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அறிக்கையின் பிடிஎஃப் கோப்பைத் தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். மருத்துவரிடம் போகும்போது முதல் படியின் தாள், இந்த அறிக்கை, தற்போது எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகிய மூன்றையும் கொண்டு போங்கள். அட்டைகள் முக்கியம். ஸ்டீராய்டு மாத்திரைகளும், மனநலத்துக்குத் தரப்படும் ஓலன்சபின் போன்ற சில மருந்துகளும் பசியை வெகுவாகக் கூட்டக்கூடியவை. அப்படி ஏதாவது இருந்தால் நீங்களாகவே நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள்.

3. மாலையைச் சரிசெய்ய மதியத்தைத் தொடுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் பெரிது. மற்றவற்றைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

நம் டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். பெரிய டப்பாவில் அழுத்தி வைத்த சாதம், சின்ன டப்பாவில் பொரியல், மூடி இறுக்கிய கிண்ணத்தில் சாம்பார் அல்லது காரக்குழம்பு. எலுமிச்சை சாதமோ தக்காளி சாதமோ என்றால் பொரியலும் போய், ஓர் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாவுச்சத்துக்குக் குறைவில்லை, புரதம்தான் அனேகமாக சாம்பாரில் கரைந்த பருப்போடு சரி. ஒரு மணிக்குச் சாப்பிட்ட இந்தச் சாப்பாடு நாலரைக்கெல்லாம் கரைந்து, அப்போது வருவது நாக்கின் ஆசையா வயிற்றின் பசியா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது.

மாற்றம் மிகச் சிறியது. சாத டப்பாவையும் பொரியல் டப்பாவையும் இடம் மாற்றுங்கள். பெரியதில் காய், சின்னதில் சாதம். அதோடு புரதத்துக்கென்று ஒன்று கட்டாயம் இருக்கட்டும்: இரண்டு அவித்த முட்டை, அல்லது ஒரு கிண்ணம் கெட்டியான பருப்புக் கூட்டு, அல்லது பயறு சுண்டல், அல்லது மீன், கோழி. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது, விலை ஆறேழு ரூபாய்தான். சைவக்காரர்களுக்கு 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் ஒன்பது, பத்து கிராம் கிடைக்கும். செலவு அதே அளவுதான்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். காயையும் புரதத்தையும் முதலில் முடித்து, சாதத்தைக் கடைசியில் சாப்பிட்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைவாக இருப்பதை நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல், சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் சோதித்துக் காட்டினார்கள். சாம்பாரைச் சாதத்தில் பிசையாமல் சாப்பிடுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். பொரியலையும் முட்டையையும் முன்னதாக முடித்துவிட்டால் போதும். பிசைவதில் யாரும் குறுக்கிடப் போவதில்லை.

காலை உணவைத் தவிர்த்து "கணக்கைச் சரிக்கட்டும்" வழக்கம் உள்ளவர்கள் இந்த மாதம் மட்டுமாவது அதை நிறுத்தி வைத்துப் பாருங்கள். காலையில் மிச்சம் பிடித்த இரண்டு இட்லிக்கு மாலையில் இரண்டு பப்ஸாக வட்டி கட்ட நேரிடுகிறது.

இந்தப் படிக்கு இரண்டு வாரம் கொடுங்கள். முதல் சில நாட்கள் சாதம் போதவில்லை என்று தோன்றும்.

4. ஆசைக்கு முன்னால் போய் நில்லுங்கள்

முதல் படியின் தாளில் உங்கள் ஆசை 5:40க்கு வருகிறது என்று தெரிந்தால், 4:45க்குச் சாப்பிட்டுவிடுங்கள். பசி வந்தபின் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் பேக்கரிதான் வெல்லும். அலுவலக மேசை இழுப்பறையில் 30 கிராம் வறுத்த வேர்க்கடலை, அல்லது ஒரு கை பொட்டுக்கடலை, அல்லது காலையில் கட்டி எடுத்து வந்த சுண்டல், கூடவே ஒரு பழம் இருக்கட்டும். வேர்க்கடலையை முன்கூட்டியே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைப்பது அவசியம். 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கும் பொருள் அது. பையோடு மேசையில் வைத்தால் மின்னஞ்சல் படித்து முடிப்பதற்குள் பை காலியாகிவிடும்.

சுண்டலுக்கு ஞாயிறு இரவு அரைக் கிலோ கொண்டைக்கடலையை ஊறவையுங்கள். திங்கள் காலை குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்து, நீரை வடித்து, குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால் மூன்று நாள் தாங்கும். தாளிப்பை அன்றன்றைக்குச் செய்துகொள்ளலாம்: ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், கடைசியில் ஒரு சிட்டிகை தேங்காய்த் துருவல். ஐந்து நிமிட வேலை. தாளிக்காமல் வெறும் கடலையாக எடுத்துப் போனால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ருசி இல்லாத உணவை யாரும் தொடர்ந்து சாப்பிட்டதில்லை.

செலவைப் பாருங்கள். டீ 15 ரூபாய், பப்ஸ் 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 26 வேலை நாளுக்கு 1,040 ரூபாய். சுண்டலும் பழமும் நாளொன்றுக்கு 15 ரூபாய் என்றால் 390. டீயை விட வேண்டியதில்லை; அதையும் சேர்த்தாலும் 780தான். அதை அடுத்த படியில் பார்ப்போம்.

5. டீயில் சர்க்கரையைப் படிப்படியாக இறக்குங்கள்

உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரை. நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை நான்கைந்து கிராம். இரண்டு டீஸ்பூன் போட்ட டீயை நாளைக்கு நான்கு முறை குடிப்பவர் வேறு இனிப்பு எதையும் தொடாமலேயே 35, 40 கிராமை எட்டிவிடுகிறார்.

ஒரே நாளில் "வித்தவுட்" என்று சொல்லிவிட்டால் டீ கஷாயமாகத் தோன்றி, நான்காம் நாள் பழைய கணக்குக்கே திரும்புவீர்கள். இரண்டு டீஸ்பூனை ஒன்றரையாக்கி ஒரு வாரம், ஒன்றாக்கி இரண்டு வாரம், அரையாக்கி இரண்டு வாரம் என்று இறங்குங்கள். நாக்கு அந்தந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. கடையில் டீ மாஸ்டரிடம் "அண்ணா, சக்கரை அரை ஸ்பூன் போதும்" என்று அவர் கண்ணாடி டம்ளரில் சர்க்கரையைத் தட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். டீயை ஆற்றிக் கையில் கொடுத்தபின் சொல்லிப் பயனில்லை. கூட்ட நேரத்தில் அவர் கை பழக்கத்தில் போட்டுவிடும். ஆகவே "வித்தவுட் போட்டுக் கொடுங்க, நானே கலந்துக்கறேன்" என்று சொல்லிச் சர்க்கரை டப்பாவை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்வதே நம்பகமான வழி.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. மணமும் சுவையும் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் கலோரியிலும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதிலும் பெரிய வேறுபாடு கிடையாது. "கருப்பட்டி காபிதானே" என்று ஒன்றுக்கு இரண்டாகக் குடிக்கும்போது கணக்கு முன்பைவிட மோசமாகிறது.

6. வழியையும் செயலியையும் மாற்றுங்கள்

பேக்கரி வாசலில் பன் வேகும் மணம் வரும்போது முடிவெடுக்க முயல வேண்டாம். முடிவைக் காலையிலேயே எடுத்து, வண்டியை வேறு தெருவில் விடுங்கள். இரண்டு சிக்னல் கூடுதலாக இருந்தாலும் அந்த வழிதான் மலிவு. அலுவலக நண்பர்களோடு டீக்குப் போவது பேச்சுக்காகவும்தான் என்பதால் அதை நிறுத்தத் தேவையில்லை. 4:45 சுண்டலை முடித்துவிட்டுப் போய், டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். பேக்கரியைவிட, வெறும் டீ மட்டும் விற்கும் கடைக்குக் கூட்டத்தை நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது.

உணவு விநியோகச் செயலியை நீக்கிவிடச் சொல்லமாட்டேன். நீக்கியவர்கள் இரண்டாம் சனிக்கிழமை மறுபடியும் ஏற்றிவிடுகிறார்கள். மூன்று காரியம் செய்யுங்கள். அமைப்புகளில் அறிவிப்புகளை நிறுத்துங்கள். சேமித்து வைத்த அட்டை விவரங்களை நீக்குங்கள்; ஒவ்வொரு முறையும் எண்களைத் தட்டச்சு செய்ய நேர்ந்தால் பாதி ஆர்டர்கள் அங்கேயே நின்றுபோகும். மாதச் சந்தா இருந்தால் அது முடியும் நாளைக் குறித்துவைத்துப் புதுப்பிக்காமல் விடுங்கள். இலவச டெலிவரிக்குக் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும். 30 ரூபாய் டெலிவரி கட்டணத்தை மிச்சம் பிடிக்க 90 ரூபாய்க்குக் குலாப் ஜாமூன் சேர்ப்பது அதனால்தான். கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் வரும் ஆசைக்கு உணவு மாற்றம் அவ்வளவாக உதவாது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏழு மணி நேரத் தூக்கத்துக்குக் கணக்கிட்டு, படுக்கும் நேரத்தை நாளுக்கு 15 நிமிடமாக முன்னே இழுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்கள் முதன்மையான உணவைப் பணிக்குப் போகுமுன் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவுக்கு மோரும் சுண்டலும் கட்டிக்கொண்டு போவது கேன்டீன் பரோட்டாவிலிருந்து தப்பிக்க உதவும்.

7. அப்படியும் வந்துவிட்டால் இருபது நிமிடம்

மேலே சொன்னவற்றையெல்லாம் செய்தபின்னும் ஆசை சில நாட்களில் வரும். வந்த ஆசை அலையாக ஏறி, சற்று நேரம் நின்று, தானாக இறங்கும். அந்த இடைவெளியைக் கடத்துவதே வேலை.

ஆசை வரும்போது நம் மனம் அந்தப் பண்டத்தைப் படமாக ஓட்டிப் பார்க்கிறது. பஜ்ஜி எண்ணெயில் புரள்வதும், சட்னி கிண்ணமும் கண்ணுக்குள் தெரியும். கவனாக், ஆண்ட்ரேட், மே என்ற மூன்று உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட கோட்பாடு, ஆசைக்குத் தீனி போடுவது இந்த மனப்படம்தான் என்கிறது. ஆகவே கண்ணையும் கற்பனையையும் வேறொன்றில் அமர்த்தும் வேலை அதைத் தளர்த்துகிறது. செல்பேசியில் டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் விளையாட்டு) ஆடுவது ஆசையின் வேகத்தைக் குறைப்பதாக அவர்களின் பின்னாளைய ஆய்வுகளில் தெரியவந்தது. பாட்டுக் கேட்பதைவிடக் கண்ணுக்கு வேலை தரும் விளையாட்டே இதற்குப் பொருத்தம். ரீல்ஸ் பார்ப்பது கூடவே கூடாது. மூன்றாவது வீடியோ யாரோ பிரியாணி அண்டாவைத் திறப்பதாகத்தான் இருக்கும்.

அலுவலகத்தைவிட்டு இறங்க முடிந்தால் 15 நிமிடம் வேகமாக நடங்கள். ஒரு டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள். இருபது நிமிடம் கழித்தும் அதே பண்டம் வேண்டும் என்று தோன்றினால், ஒன்றே ஒன்று வாங்கி, உட்கார்ந்து, வேறு எதையும் பார்க்காமல் சாப்பிடுங்கள். அதற்காக இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம். முற்றிலும் தடை போட்ட பண்டம் பத்தாம் நாள் இரட்டிப்பாக உள்ளே போகும். ஆதலால் எனக்கு முழுத் தடையில் நம்பிக்கை இல்லை. சனிக்கிழமைக் காளான் எனக்கு இன்றும் உண்டு.

8. பொட்டலத்தின் பின்பக்கத்தை மட்டும் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில் மூலப்பொருட்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. "ராகி பிஸ்கட்" என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பட்டியலில் முதலில் மைதா இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். முதல் மூன்று இடங்களில் மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகிய மூன்றில் இரண்டு வந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். லிக்விட் குளூக்கோஸ், இன்வர்ட் சிரப் ஆகியவையும் சர்க்கரைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் அவற்றுக்குச் சளைத்ததன்று. சத்து அட்டவணையை 100 கிராமுக்குரிய நிரலில் பாருங்கள். "ஒரு பரிமாறலுக்கு" என்ற நிரலில் 20 கிராம் என்று போட்டிருப்பார்கள். நாம் தின்பது முழுப் பொட்டலம்.

"ஹெல்த் டிரிங்க்" என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகை இல்லை என்பதால், அந்தப் பெயரில் பானங்களைப் பட்டியலிட வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

இந்தப் பொட்டலங்களை நிறுத்த முடியாமல் தின்பது உங்கள் பலவீனம் மட்டுமன்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகை பதப்படுத்தப்பட்ட உணவும் இரண்டு வாரம் எளிய சமையலும் கொடுத்துப் பார்த்தார்கள். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒத்திருந்தும், பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 2019இல் வெளியான ஆய்வு இது. வீட்டில் செய்த முறுக்கும் எண்ணெய்ப் பண்டம்தான் என்றாலும், பொட்டலச் சிப்ஸுக்கு முன் நான் அதையே தேர்வேன்.

9. பந்தியும் உறவினரும்

கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்தபின் மறுப்பது கடினம். இனிப்பு வரிசை வரும்போதே இலையின் மேல் கையை நீட்டி மறைத்துவிடுங்கள். உறவினர் வீட்டுக்குப் போகும்போது "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது, கண்ணு" என்று தட்டை நீட்டும் பெரியம்மாவிடம் சர்க்கரை அறிக்கையை விளக்கத் தொடங்காதீர்கள். அது அரைமணி நேர விவாதமாகி, கடைசியில் இரண்டு அதிரசத்தோடு முடியும். "வயிறு நிறைஞ்சிருச்சுங்க பெரிம்மா, கட்டிக் குடுங்க, வீட்ல போய்ச் சாப்பிடறேன்" என்றால் அவர் மனமும் நோகாது. தீபாவளி இனிப்புப் பெட்டிகளைப் பிரிக்காமல் அன்றே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது நலம். பிரித்த பெட்டி சமையலறை மேடையில் இருக்கும்வரை, போகிற வருகிற ஒவ்வொரு முறையும் கை அங்கேதான் போகும்.

10. மூன்று மாதம் கழித்து

எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ முந்தைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. ஆகவே ஒரு மாதத்தில் மறுபடியும் எடுப்பது வீண்செலவு. முதல் பரிசோதனையின் தேதியிலிருந்து மூன்று மாதம் தள்ளி நாட்காட்டியில் குறித்து, முடிந்தால் அதே ஆய்வகத்தில் கொடுங்கள். அதே வாரத்தில் யூபிஐ கணக்கையும் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். எண்கள் மெதுவாகத்தான் நகரும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. "21 நாளில் பழக்கம்" என்று விற்கப்படும் கட்டணத் திட்டங்களுக்குப் பணம் கட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு இந்தப் படிகள் எவையும் உதவாமல் போகலாம். குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்த முடியாமல், பிறருக்குத் தெரியாமல் தின்பதும், பின்பு குற்ற உணர்வில் தவிப்பதும் வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அது மிகையுண்ணல் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சுண்டலும் டெட்ரிஸும் தீர்வாகாது. உணவைக் குறைக்கும் முயற்சியே அதை மோசமாக்கவும் கூடும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரடியாகவும் போகலாம். அங்கே புறநோயாளிச் சீட்டு வழக்கமாகக் காலையில்தான் தருவார்கள். ஆதார் அட்டையையும், முதல் படியில் எழுதிய தாளையும், இரண்டு இரத்த அறிக்கைகளையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.